ருமாட்டிக் காய்ச்சலுக்குப் பின் போடும் பெனிசிலின் ஊசி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ சென்ட்ரல் எதிரேயுள்ள அரசு பொது மருத்துவமனையிலோ, பிள்ளைக்கு வந்தது ருமாட்டிக் காய்ச்சல் என்று கேட்டறியும் பெற்றோர், மூட்டு வீக்கம் தணிந்ததும் நோய் போய்விட்டது என்றே நம்பிவிடுகின்றனர். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையில் தொற்றி இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின், உடலின் எதிர்ப்பாற்றல் தன் மூட்டுகளையும் இதயத்தையுமே தாக்குவதால் வரும் நோய் இது. 5 முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளிடமே மிகுதி. மூட்டுகள் வடுவின்றி ஆறிவிடும். இதய வால்வோ, தொற்று திரும்பி நோய் மீண்டும் தாக்கும்போதெல்லாம் மேலும் தடித்து, சுருங்கியோ கசிந்தோ போகும். அந்த அடுத்த தொற்றைத் தடுப்பதே பென்சதீன் பெனிசிலின் ஊசியின் வேலை.

இதில் மிகப் பரவலான தவறு, மாதம் ஓர் ஊசி என்று கணக்கு வைப்பது. மூன்று வாரம் கடந்ததும் இரத்தத்தில் மருந்தின் அளவு பலருக்கும் காப்பளிக்கும் நிலைக்குக் கீழே இறங்கிவிடும் என்பதால், நம் நாட்டில் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒருமுறை போடச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 17 ஊசி வரும். மாதம் ஒன்று என்றால் 12 தான். ஒவ்வோர் ஊசிக்கும் முன்னால் ஒன்றரை வாரம் வரை காவலின்றிக் கழிகிறது என்பதே இதன் பொருள். ஒவ்வோர் ஊசியின்போதும் அடுத்த தேதியை அட்டையிலும் வீட்டுக் காலண்டரிலும் குறித்துவிடுவது நல்லது. மே மாதத்தில் சொந்த ஊருக்குப் போகும் குடும்பங்களில்தான் தேதி அதிகம் தவறுகிறது. புறப்படுமுன் சில நாள் முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம். அல்லது மருந்தின் அளவும் கடைசி ஊசியின் தேதியும் எழுதிய மருத்துவரின் கடிதத்தோடு ஊரிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம்.

ஊசியின் வலிக்கு அஞ்சி நிறுத்துவது அடுத்த தவறு. புட்டியிலுள்ள வெள்ளைத் தூளில் நீர் விட்டுக் குலுக்கினால் அது பால்போலக் கெட்டியான கலவையாகும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும் என்பதால், சற்றுப் பருமனான ஊசியால் தசையில் ஆழமாக, மெதுவாகச் செலுத்த வேண்டியிருக்கிறது. வலி உண்மைதான்; பிள்ளையிடம் வலிக்காது என்று பொய் சொல்லி அழைத்துப் போவதால் அடுத்த முறை சிரமம் கூடுமே தவிரக் குறையாது. மரப்பு மருந்து சேர்த்துப் போட முடியுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். வெறும் வயிற்றில் போகாமல் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துச் செல்வதும், படுத்த நிலையில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே இருப்பதும் மயக்கம் வராமல் காக்கும்.

பெனிசிலின் என்றதுமே ஒவ்வாமை பயத்தால் போட மறுக்கும் கிளினிக்குகள் நகரில் உண்டு. கடுமையான ஒவ்வாமை மிக அரிது. மறுத்தால் வேறிடம் தேட வேண்டுமே ஒழிய, ஊசியைக் கைவிடக் கூடாது. ஆனால் வால்வு கடுமையாகப் பழுதடைந்து மூச்சிரைப்போடு இருப்பவர்களுக்கு ஊசியைவிட மாத்திரையே பாதுகாப்பானதாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2022இல் அறிவுறுத்தியது. அந்த முடிவை இதய மருத்துவர் எடுக்க வேண்டும். மற்றவர்கள் வசதிக்காகத் தாமாகவே மாத்திரைக்கு மாறக் கூடாது. தினம் இருவேளை தவறாமல் விழுங்குவது எளிதன்று, நோய் திரும்பும் வாய்ப்பும் ஊசியைவிட மாத்திரையில் அதிகம்.

எத்தனை ஆண்டு என்பதிலும் குழப்பம் நிலவுகிறது. இதயம் தப்பியவருக்கு 5 ஆண்டு அல்லது 21 வயது வரை, இதய அழற்சி வந்து முழுதும் ஆறியவருக்கு 10 ஆண்டு அல்லது 21 வயது வரை, வால்வில் பழுது நிலைத்துவிட்டவருக்கு 10 ஆண்டு அல்லது 40 வயது வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை என்பது அமெரிக்க வழிகாட்டுதல். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் வயது வரம்புகள் சற்று மாறும். சிலருக்கு ஆயுள் முழுதும் தேவைப்படும். சுருங்கிய வால்வை விரிக்கும் பலூன் சிகிச்சை செய்தாயிற்று, வால்வை மாற்றியாயிற்று என்று ஊசியை நிறுத்துவது தவறு. மற்ற வால்வுகள் இன்னும் இருக்கின்றன.

இதற்கு நேரெதிரான பிழை ஒன்றும் நம் ஊரில் சகஜம். கைகால் வலிக்கு ஏ.எஸ்.ஓ. இரத்தப் பரிசோதனை செய்து, எண் கூடுதலாக இருந்ததும் ஊசியைத் தொடங்கிவிடுகிறார்கள். அண்மையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொற்றியது என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. நோய்க்குறிகளும் எக்கோ எனும் இதய ஸ்கேனும் பார்க்காமல் தொடங்கிய ஊசியை எப்போது நிறுத்துவது என்று பின்னர் எவராலும் சொல்ல முடிவதில்லை.

பெண் பிள்ளைகள் வளர்ந்து கருத்தரிக்கும்போது, குழந்தைக்கு ஆகாது என்று வீட்டார் ஊசியை நிறுத்திவிடுவதுண்டு. பெனிசிலின் கர்ப்பத்தில் பாதுகாப்பானது. அதுவரை தொல்லை தராத வால்வுச் சுருக்கம், இரத்த ஓட்டம் பெருகும் கர்ப்ப காலத்தில்தான் மூச்சுத் திணறலாக வெளிப்படும் என்பதால், திருமணத்துக்குப் பின் கருத்தரிக்குமுன்னரே ஒரு எக்கோ எடுத்துவிட வேண்டும். செயற்கை வால்வு பொருத்தி, இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்வது கட்டாயம். சில மாத்திரைகள் முதல் மூன்று மாதங்களில் கருவைப் பாதிக்கும்.

பல் பிடுங்கப் போகும்போது, ‘ஏற்கெனவே பெனிசிலின் போடுகிறேன், அதுவே போதும்’ என்று எண்ணிவிடக் கூடாது. 21 நாள் ஊசியின் அளவு தொண்டைக் கிருமியைத் தடுக்கப் போதுமானது. பல் சிகிச்சையின்போது இரத்தத்தில் புகும் கிருமிகள் வால்வில் தங்காமல் தடுக்க அது போதாது. செயற்கை வால்வு உள்ளவர்களுக்குச் சிகிச்சைக்கு முன் தனியே ஓர் ஆன்டிபயாடிக் தேவை. தொடர்ந்து பெனிசிலின் பெறுபவர்களுக்கு அதுவும் வேறு வகையாக இருக்க வேண்டும். ஆகவே பல் மருத்துவரின் நாற்காலியில் அமருமுன் ஊசி அட்டையை அவரிடம் காட்டிவிட வேண்டும்.