பக்கெட் சீட்டா, கம்ஃபர்ட் சீட்டா? ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ஷே 911 ஜிடி3 ஆர்டர் செய்பவர்கள் நிறத்துக்கும் சக்கரத்துக்கும் வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். சீட் என்று வந்தால் மட்டும் சட்டென்று முடிவெடுத்துவிடுகிறார்கள். கார்பன் முதுகு தெரியும் பக்கெட் சீட் (உடம்பை இருபுறமும் பிடித்துக்கொள்ளும் ஓடு போன்ற சீட்) படத்தில் அழகாக இருக்கிறது, அதுவே இருக்கட்டும் என்பார் ஒருவர். முதுகு வலிக்குமே என்ற பயத்தில் இருப்பதிலேயே அதிக பட்டன் உள்ள கம்ஃபர்ட் சீட்டைக் குறிப்பார் இன்னொருவர். இரண்டு பேருமே தங்கள் உடம்பைக் கணக்கில் எடுக்கவில்லை. காரில் நம் உடம்பு முழு நேரமும் அழுந்திக் கிடப்பது சீட்டில்தான். பின் டயர் லேசாக வழுக்குவதைக் கைக்கு முன்னால் இடுப்பு உணர்வதும் அதன் வழியாகத்தான். தவறாகத் தேர்ந்தெடுத்த சீட்டை அப்புறம் மாற்றுவது நிறையச் செலவு வைக்கும் வேலை.

எது எது என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். 992 என்று அழைக்கப்படும் தலைமுறை ஜிடி3-ல் வழக்கமாக வருவது ஸ்போர்ட்ஸ் சீட் பிளஸ். உயரமும் சாய்மானமும் மின்சாரத்தில் நகரும், முன்பின் நகர்த்தக் கை வேண்டும். கூடுதல் பணம் கொடுத்தால் 18 வழிகளில் நகரும் அடாப்டிவ் சீட் கிடைக்கும். தொடைத் தாங்கலின் நீளம், இடுப்புத் தாங்கல், இருபக்கத் திண்டுகளான போல்ஸ்டர்களின் இறுக்கம் என்று எல்லாமே பட்டனில் நகரும், போட்ட நிலையை நினைவிலும் வைத்துக்கொள்ளும். மூன்றாவது ஃபுல் பக்கெட். கார்பன் ஓடு, முன்பின் நகர்வு கையால், உயரம் மின்சாரத்தில். முதுகின் சாய்மானம் மட்டும் தொழிற்சாலையில் வைத்தது வைத்ததுதான். 2024 அக்டோபரில் அறிமுகமான புதிய ஜிடி3-க்கு, முதுகுப் பகுதி மடங்கும் கார்பன் பக்கெட் ஒன்றும் வந்திருக்கிறது.

மென்மையாக இருந்தால் சுகம் என்று நினைப்பது

இதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் மெத்தென்ற சீட் எப்போதும் ஜெயிக்கும். இரண்டு மணி நேரம் ஓட்டும்போது கதை மாறும். நீண்ட பயணத்தில் வலியை உண்டாக்குவது பெரும்பாலும் சீட்டின் கடினம் அல்ல, உடம்பின் பாரம் ஓரிரு இடங்களில் மட்டும் குவிவது. உங்கள் முதுகின் வளைவும் ஓட்டின் வளைவும் ஒத்துப்போனால், மெல்லிய திண்டு மட்டும் ஒட்டிய பக்கெட் சீட்டில்கூட நானூறு கிலோமீட்டர் அலுக்காமல் போகலாம். ஒத்துப்போகவில்லை என்றால் இருபதாவது நிமிடத்திலேயே தோள்பட்டைக்குக் கீழே குத்த ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்ய எந்த பட்டனும் இருக்காது.

ஆகவே பக்கெட் சீட் காலணி வாங்குவது போலத்தான். நண்பருக்கு அருமையாக இருக்கிறது என்பது உங்களுக்கு எந்தத் தகவலும் அல்ல. ஃபெராரி தன் ரேஸிங் சீட்டுகளைப் பல அளவுகளில் தருவதற்குக் காரணம் இதுவே. ஒரே அளவில் மட்டும் வரும் சீட் என்றால், அது உங்களுக்குப் பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டுதான் போய்ப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? பர்ஸையும் போனையும் பின்பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, வழக்கமாக ஓட்டும் உடையில் உட்காருங்கள். குறைந்தது அரை மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது. விற்பனையாளர் பேசிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் உடம்பைக் கவனியுங்கள். இடுப்பெலும்பு பக்கச் சுவரில் அழுந்துகிறதா? தோள் பக்கத்து இறக்கைகள் கையை முன்னால் தள்ளுகின்றனவா? ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முழங்கை இடிக்கிறதா? பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது தொடையின் அடிப்பகுதியை சீட்டின் முன்விளிம்பு அறுக்கிறதா? ட்ராக்குக்கு (பந்தயத் தடத்துக்கு) போகும் எண்ணம் இருந்தால் ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஹெல்மெட் போட்டால் தலை சில சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். உயரமானவர்களுக்குக் கூரை இடிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். சில பக்கெட் சீட்டுகளில் தலைப்பகுதி முன்னோக்கி வளைந்திருக்கும். ஹெல்மெட்டோடு உட்கார்ந்தால் அது தலையைக் குனியவைக்கிறதா என்றும் பாருங்கள்.

எடையைப் பார்த்து மட்டும் வாங்குவது

பிஎம்டபிள்யூ எம்3, எம்4 கார்களுக்கு எம் கார்பன் பக்கெட் சீட் வந்தபோது, வழக்கமான சீட்டுகளைவிட 9.6 கிலோ குறைவு என்று நிறுவனம் சொன்னது. உண்மைதான். ஆனால் எம்4 காம்பெட்டிஷனின் எடை 1,700 கிலோவுக்கு மேல். அப்படிக் குறைந்த எடை அரை சதவீதத்துக்குச் சற்றே கூட. பெட்ரோல் டேங்கில் பதின்மூன்று லிட்டர் குறைவாகப் போட்டாலும் அதே பலன் கிடைக்கும்.

அல்பீன் ஏ110 வேறு கதை. 2017-ல் வந்த அந்தக் காரின் எடையே 1,100 கிலோ சுற்றில்தான். அதில் சபெல்ட் நிறுவனத்தின் பக்கெட் சீட் ஒன்று 13.1 கிலோ. ஒவ்வொரு பாகத்திலும் கிராம் கணக்குப் பார்த்துச் செய்த காரில் லேசான சீட் அந்தக் கணக்கின் ஒரு பகுதி. அதே ஏ110-ன் லெஜாந்த் வகையில் ஆறு வழிகளில் நகரும் சபெல்ட் சீட் கொடுத்தார்கள். பயணத்துக்கு வாங்குபவரையும் வளைவுக்காக வாங்குபவரையும் நிறுவனமே பிரித்துப் பார்த்திருக்கிறது. அது எனக்குப் பிடித்த நேர்மை.

பக்கெட் சீட்டின் உண்மையான லாபம் எடையில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது. நல்ல டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் ஏறத்தாழ 1 ஜி பக்கவாட்டு விசையைத் தாங்கும். 75 கிலோ உடம்பை இன்னொரு 75 கிலோ பக்கத்திலிருந்து தள்ளுகிறது என்று பொருள். சீட் பிடித்துக்கொள்ளாவிட்டால் டிரைவர் முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுப்பார், ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குவார். தொங்கும் கையால் நுணுக்கமாகத் திருப்ப முடியாது. ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப் பந்தயத் தடத்தில் ஒரு சுற்று 20.8 கிலோமீட்டர். பிடிப்பில்லாத சீட்டோடு போனால் அந்த ஒரு சுற்று முடிவதற்குள்ளேயே கையும் தொடையும் சோர்ந்துவிடும். இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலோ கோவை செட்டிபாளையம் தடத்திலோ அடிக்கடி ட்ராக் நாட்களுக்குப் போகிறவர்களுக்கும் இதே காரணத்துக்காக பக்கெட் சீட்டைத் தாராளமாகச் சொல்வேன். வருடத்தில் ஒரே ஒரு நாள் போகிறவருக்குச் சொல்ல மாட்டேன். 18 வழி சீட்டின் போல்ஸ்டர்களை அன்றைக்கு மட்டும் இறுக்கிக்கொண்டால் போதும்.

பட்டன் இருக்கிறதென்று அமைக்காமல் விடுவது

கம்ஃபர்ட் சீட் வாங்கியவர்களில் பலர் முதல் நாள் வைத்த நிலையிலேயே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். முதுகைச் சாய்த்து, கையை நீட்டி, சோபாவில் படுத்த மாதிரி. அப்புறம் சீட்டைக் குறை சொல்வார்கள்.

வரிசையாகச் செய்தால் பத்து நிமிட வேலைதான். முதலில் பின்பக்கத்தைச் சீட்டின் மூலையில் முழுதாகத் தள்ளி உட்கார வேண்டும். பிரேக்கை ஆழமாக மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி முன்பின் தூரத்தை வையுங்கள். இரண்டு தோளும் சீட்டில் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். படியவில்லை என்றால் சாய்மானத்தை நிமிர்த்துங்கள், ஸ்டீயரிங்கை அருகே இழுங்கள். இடுப்புத் தாங்கலைக் கடைசியாகத் தொடுங்கள். அது பெல்ட் கட்டும் உயரத்துக்குச் சற்று மேலே, முதுகு உள்வாங்கும் இடத்தில் லேசாகத் தொட்டால் போதும். பலர் அதை முழுதாக ஊதவைத்து முதுகை வில்லாக்கிக்கொள்கிறார்கள். போல்ஸ்டரும் அப்படித்தான்: நெடுஞ்சாலையில் தளர்வு, மலைப்பாதையில் இறுக்கம். இரண்டையும் தனித்தனி நினைவு பட்டன்களில் வைத்துக்கொண்டால் அந்தச் சீட்டுக்குக் கொடுத்த பணம் வீணாகாது.

வீட்டில் மற்றவர்களை மறப்பது

கணவனும் மனைவியும் ஒரே காரை ஓட்டுகிறார்கள், உயரத்தில் ஒரு அடி வித்தியாசம் என்றால் சாய்மானம் மாறாத ஓடு இருவரில் ஒருவருக்குக் கட்டாயம் தொல்லை. குழந்தை சீட் வைக்க வேண்டுமானால், பக்கெட் சீட்டோடு அது அனுமதிக்கப்பட்டதா என்று அந்தக் காரின் கையேட்டைப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். பெரும்பாலான ஒற்றை ஓட்டுச் சீட்டுகளில் குழந்தை சீட் ஒழுங்காக உட்காராது. முதுகு மடங்காத ஓடு இருந்தால் பின்னால் பை எடுத்து வைப்பதுகூடச் சிரமம்.

ஏறி இறங்குவதும் தினசரி விஷயம். பிஎம்டபிள்யூவின் கார்பன் சீட்டில் தொடைகளுக்கு நடுவே ஒரு கார்பன் மேடு இருக்கிறது. வேட்டியிலோ சேலையிலோ அதன் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தால்தான் அருமை தெரியும். முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப்போகும் காராக இருந்தால், அவர்களையும் ஷோரூமுக்குக் கூட்டிப்போய் உட்காரவையுங்கள். வெயில் ஊர்க்காரர்கள் காற்றோட்ட வசதி எந்தச் சீட்டோடு வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் கம்ஃபர்ட் சீட்டோடுதான் வரும்.

வெளியே வாங்கிப் பொருத்தும்போது பாதுகாப்பைக் கோட்டைவிடுவது

தொழிற்சாலையிலிருந்து வரும் பக்கெட் சீட் அந்தக் காரின் பெல்ட்டோடும் ஏர்பேக்கோடும் சேர்த்துச் சோதிக்கப்பட்டது. போர்ஷேயின் ஃபுல் பக்கெட்டில் மார்புக்கான பக்க ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கடையில் வாங்கிப் பொருத்தும் ரேஸிங் சீட்டில் பெரும்பாலும் அது இருக்காது. பழைய சீட்டைக் கழற்றும்போது பக்க ஏர்பேக் போய்விடும். பயணி உட்கார்ந்திருக்கிறாரா என்று அறியும் சென்சார் போய்விடும். பல கார்களில் பெல்ட்டின் பக்கிளும் அதை இழுத்து இறுக்கும் பொறியும்கூடச் சீட்டோடு போய்விடும். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியும். அதை அணைக்க ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகித் தரும் மெக்கானிக்குகள் உண்டு. தயவுசெய்து அதை ஏற்காதீர்கள். இல்லாத ஏர்பேக் இருப்பதாகக் கார் நம்பிக்கொள்ளும். அடுத்து அந்தக் காரை வாங்குபவருக்கு விஷயமே தெரியாது.

அடுத்தது பெல்ட். ரேஸிங் ஓட்டின் பக்கச் சுவர்கள் உயரமானவை. காரின் மூன்று முனை பெல்ட் அந்தச் சுவரின் மேல் ஏறிப் போனால் இடுப்பெலும்பில் படியாமல் வயிற்றின் மேல் தொங்கும். மோதலில் பெல்ட் குடலை அழுத்தும். பெல்ட் ஓட்டின் துளை வழியாகப் போய் இடுப்பில் தாழ்வாகப் படிகிறதா என்பதைப் பொருத்துவதற்கு முன்பே பார்க்க வேண்டும்.

இதைத் தவிர்க்க நான்கு முனை ஹார்னஸ் (இரண்டு தோளையும் இடுப்பையும் கட்டும் பந்தய பெல்ட்) போடுபவர்கள் இன்னொரு ஆபத்தில் மாட்டுகிறார்கள். தோள் பட்டைகள் நடுப் பக்கிளை மேலே இழுக்கும். கால்களுக்கு நடுவே வரும் பட்டை இல்லாததால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கும். ஆறு முனை போட்டால் அது தீரும், ஆனால் உடம்பு அசையாமல் கட்டப்பட்டுத் தலை மட்டும் முன்னால் வீசப்படும். 2001-ல் டேட்டோனா 500 பந்தயத்தில் பந்தய வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்ததால். அந்த ஆண்டே தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவியை அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் கட்டாயமாக்கியது. ரோல் கேஜ் (கூரை நசுங்காமல் காக்கும் இரும்புக் கூண்டு) இல்லாத காரில் ஹார்னஸ் போடுவது இன்னும் மோசம். கார் கவிழ்ந்து கூரை நசுங்கும்போது உடம்பு சாய்ந்து ஒதுங்க வழியே இருக்காது. தோள் பட்டைகள் செங்குத்தாகக் கீழிறங்கித் தரையில் கட்டப்பட்டால் மோதலில் முதுகெலும்பை நசுக்கும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி அந்தச் சரிவு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது, 10 டிகிரிக்குள் இருப்பது நல்லது. ஆகவே ஹார்னஸ், கேஜ், ஓட்டுச் சீட், கழுத்துக் கருவி நான்கும் ஒரே தொகுப்பு. ரோட்டில் ஓட்டும் காருக்கு அந்தத் தொகுப்பே வேண்டாம் என்பது என் கருத்து.

சீட்டைக் காரின் தரையோடு இணைக்கும் பிராக்கெட்டில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். எஃப்ஐஏ விதிகள் பிராக்கெட் இரும்புக்குக் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிப்பும், போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர் விட்டமும் கேட்கின்றன. பட்டறையில் வளைத்துத் தரும் மெல்லிய பட்டை மோதலில் பிய்ந்துவிடும்.

சட்டமும் இருக்கிறது. ஜெர்மனியில் ஒப்புதல் ஆவணம் இல்லாத சீட்டைப் பொருத்தினால் காரின் ஓட்டும் அனுமதியே செல்லாமல் போகலாம். பிரிட்டனில் ஏர்பேக் விளக்கு எரிந்தால் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையில் தேறாது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இருக்கை எண்ணிக்கை அந்தச் சான்றில் இருக்கும் விவரம். பின்சீட்டைக் கழற்றும் முன் அதை நினைவில் வையுங்கள்.

இதெல்லாம் வேண்டாம், ஆனாலும் பிடிப்பு வேண்டும் என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. ரெகாரோ ஸ்போர்ட்ஸ்டர் சிஎஸ் போன்ற சீட்டுகளில் பக்கப் பிடிப்பும் இருக்கும், சாய்மானமும் மாறும். பக்க ஏர்பேக் உள்ள வகையும் வந்தது. ரெகாரோவின் கார் சீட் பிரிவு 2024-ல் திவால் மனு கொடுத்தது. அதனால் உதிரிபாகம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மறுவிற்பனையை நினைத்து வாங்குவது, பழையதைக் கண்ணை மூடி வாங்குவது

ஜிடி வகைக் கார்களில் பக்கெட் சீட் இருந்தால் பின்னால் நல்ல விலை போகும் என்பார்கள். அப்படித் தேடும் ஆட்கள் இருப்பது உண்மை. அதற்காக வரப்போகும் யாரோ ஒருவரின் முதுகுக்கு இன்றைக்கே உங்கள் முதுகை வாடகைக்கு விட வேண்டாம்.

பழைய ரேஸிங் சீட் வாங்குபவர்கள் முதலில் எஃப்ஐஏ லேபிளைத் தேடுங்கள். 8855-1999 தரத்துக்குத் தயாரிப்பிலிருந்து 5 ஆண்டு, 8862-2009 தரத்துக்கு 10 ஆண்டு ஆயுள். தேதி கடந்திருந்தால் போட்டியில் செல்லாது. விபத்தில் பட்ட கார்பன் அல்லது ஃபைபர் ஓடு வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே பிளந்திருக்கலாம். போல்ட் துளைகளைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் தெரிகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். திண்டுகளைக் கழற்றிப் பார்க்க விடாத ஆளிடம் வாங்க வேண்டாம்.