மலை ஊர்களுக்கு நிதியுதவி கேட்டு விண்ணப்பிப்பது எப்படி: ஓர் ஊற்றைக் கொண்டு படிப்படியான விளக்கம்

கோத்தகிரி வட்டாரத்தில் ஊர்க் குழுக்களுக்கு நிதியுதவி விண்ணப்பங்கள் எழுத உதவி வருகிறேன். முதல்முறையாக விண்ணப்பிக்க முனைவோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், ஓர் ஊரின் குடிநீர் ஊற்றைச் சீரமைக்கும் வேலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு முழு வழிமுறையையும் இங்கே எழுதுகிறேன்.

யாரிடம் கேட்கலாம் என்பதை முதலில் பார்ப்போம். ஒரு வட்டாரத்து மக்களும் அங்கிருந்து வெளியூர் சென்றவர்களும் தரும் கொடைகளை ஒரே நிதியாகத் திரட்டி, அந்த வட்டாரத்தின் தேவைகளுக்கே பிரித்தளிக்கும் அமைப்பைச் சமூக அறக்கட்டளை என்பார்கள். 1914-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கிய முறை இது. நம் நாட்டில் இத்தகைய அமைப்புகள் குறைவு என்பதால், தனியார் அறக்கட்டளைகளையும், 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் ஒதுக்க வேண்டிய சமூகப் பொறுப்பு நிதியையும் சேர்த்தே தேட வேண்டும். நிறுவனங்கள் தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அச்சட்டமே சொல்வதால், உங்கள் ஊருக்கு அருகில் தொழிற்சாலையோ தோட்டமோ நடத்தும் நிறுவனங்களிலிருந்து தேடலைத் தொடங்குங்கள்.

முதல் படி: பராமரிப்பை முதலில் முடிவு செய்யுங்கள்

பலரும் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிடும் இந்தப் பகுதியை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் எழுதிய முதல் விண்ணப்பத்துக்கு நிதி கிடைத்தது, தொட்டி கட்டினோம், ஊரே கூடித் திறந்து வைத்தது. இரண்டாம் மழைக்காலத்தில் குழாயின் வாயில் வண்டல் அடைத்துக்கொண்டது. அதை எடுப்பது யார் பொறுப்பு என்று எங்கும் எழுதப்படவில்லை. மூன்றாம் ஆண்டு கோடையில், அதே பெண்கள் குடத்தோடு கீழே ஓடைக்கு இறங்கிப் போனதைப் பார்த்தேன். அன்றிலிருந்து, பணம் தீர்ந்த பிறகு யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்விக்கு ஊர் விடை சொல்லாதவரை நான் வேறெதையும் எழுதத் தொடங்குவதில்லை. நிதி தருபவரும் அதே கேள்வியோடுதான் உங்கள் விண்ணப்பத்தைப் பிரிக்கிறார்.

விடையைக் கணக்காகவே சொல்லுங்கள். 60 வீடுகள் உள்ள ஊர் என்றால், வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 36,000 ரூபாய் சேரும். தொட்டியைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 2,000 ரூபாய் கொடுத்தால் 24,000 போக, வால்வு மாற்றவும் குழாய் ஒட்டவும் வண்டல் அள்ளவும் 12,000 மீதமிருக்கும். யார் வசூலிப்பது, எந்த வங்கிக் கணக்கில் போடுவது, இயலாத வீடுகளுக்கு என்ன விலக்கு என்பவற்றை ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, பெண்கள் உட்பட அனைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பக்கத்தின் நகலே உங்கள் விண்ணப்பத்தின் மிக வலுவான இணைப்பு.

இரண்டாம் படி: அளந்து பாருங்கள்

"கடும் தண்ணீர்ப் பஞ்சம்" என்று எழுதுவதற்குப் பதிலாக, 15 லிட்டர் குடம் ஒன்றை ஊற்றின் வாயில் வைத்து, அது நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று கைபேசியில் பாருங்கள். ஐந்து நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 3 லிட்டர், நாளுக்கு 4,320 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவான ஆளுக்கு 55 லிட்டர் வீதம், 240 பேருக்கு 13,200 லிட்டர் வேண்டும். பற்றாக்குறை எவ்வளவு என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும். பிப்ரவரி முதல் மே வரை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே குடத்தால் அளந்து நோட்டில் குறியுங்கள். இந்த வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் மிகுந்த அக்கறையோடு செய்கிறார்கள்.

மூன்றாம் படி: நிலமும் அனுமதியும்

மலையில் விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். ஊற்று பட்டா நிலத்தில் இருந்தால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். புறம்போக்கு என்றால் ஊராட்சியின் தீர்மானமும் வருவாய்த்துறையின் இசைவும் வேண்டும். கூடலூர்ப் பக்கம் 1969-ஆம் ஆண்டின் ஜன்மம் (பழைய நிலக்கிழார் உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் குத்தகைத் தோட்ட நிலமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வனநிலம் என்றாலும் மனம் தளர வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனத்தில் வாழும் மக்களின் ஊர்களுக்காக அரசு நிர்வகிக்கும் குடிநீர் வசதிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும், ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல் பயன்படுத்த, கிராம சபையின் பரிந்துரையின்பேரில் வழி செய்கிறது. மார்ச் 22-ஆம் நாள் உலகத் தண்ணீர் தினக் கிராம சபை இத்தகைய தீர்மானத்துக்கு ஏற்ற நாள்.

ஊற்றைச் சுற்றியுள்ள சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை அகற்றும் எண்ணம் இருந்தால், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெறாமல் கை வைக்கக் கூடாது. மண்ணைத் தோண்ட ஜேசிபி கொண்டுவரவும் நீலகிரியில் ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதால், கூடியவரை ஆள் உழைப்பாலேயே வேலையைத் திட்டமிடுங்கள்.

நான்காம் படி: அமைப்பின் ஆவணங்கள்

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். பதிவுச் சான்று, பான் எண், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, தணிக்கை அறிக்கைகள், 12ஏ, 80ஜி என்று பலரும் சொல்லும் வருமானவரிப் பதிவுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கு இவற்றோடு, மத்திய அரசின் நிறுவன விவகார அமைச்சகத்திடம் செய்யும் சிஎஸ்ஆர்-1 பதிவும், பொதுவாக மூன்றாண்டுச் செயல்பாட்டு அனுபவமும் தேவை. புதிய குழுவுக்கு இவை இருக்காது. அப்போது, ஏற்கெனவே பதிவுகள் உள்ள தொண்டு நிறுவனம் ஒன்று பணத்தைப் பெற்றுக் கணக்குக் காட்ட, ஊர்க் குழு வேலையைச் செய்ய, இருவரின் பொறுப்புகளையும் எழுத்தில் ஒப்பந்தமாக்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: செலவும் நாள்காட்டியும்

மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தின் விலையை வைத்து மதிப்பீடு போட்டால் பாதி வழியில் பணம் தீர்ந்துவிடும். சிமெண்ட் மூட்டைக்கு லாரி வாடகை உண்டு. சாலையிலிருந்து ஊற்றுவரை தலைச்சுமைக் கூலியும் உண்டு. இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டி, பெரிய பொருள்களுக்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி இணையுங்கள். ஊரார் தரும் உழைப்பை உள்ளூர்க் கூலிக் கணக்கில் மதிப்பிட்டு, ஊரின் பங்களிப்பாகச் சேருங்கள்.

நாள்காட்டியை மழையைப் பார்த்து எழுதுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வலுக்கும்; கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனிலிருந்தே தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரியில் செப்டம்பரில் பணம் வந்தால் கட்டுமானத்தை ஜனவரிக்குத் தள்ளிவைத்திருப்பதை விண்ணப்பத்திலேயே காரணத்தோடு சொல்லிவிடுங்கள். சென்னையிலோ மும்பையிலோ இருந்து படிப்பவருக்கு நம் மழை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆறாம் படி: எழுதி அனுப்புங்கள்

இதற்குள் விண்ணப்பம் பெரும்பாலும் தயாராகியிருக்கும். அளவு, தீர்மானம், அனுமதி, மதிப்பீடு ஆகியவற்றை நிதி தருபவரின் படிவத்தில் உள்ள வரிசைப்படி நிரப்பி, ஊர்ப் பெரியவர் ஒருவருக்கும் தண்ணீர் சுமக்கும் பெண் ஒருவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தச் சொல்லும் இடங்களைத் திருத்திய பிறகே அனுப்புங்கள். கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்புவது நல்லது. மழை நாளில் மின்சாரமும் இணையமும் சேர்ந்து போய்விடும்.

நிதி கிடைத்தால், முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாக ஒட்டி வையுங்கள். முடிவில், பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு ஆடிட்டர் கேட்பது அதைத்தான். குடத்தால் அளந்த நோட்டையும் மூடிவிட வேண்டாம். வேலை முடிந்த அடுத்த பிப்ரவரியில் அதே ஊற்றை அதே குடத்தால் அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதி, அறிக்கையோடு அனுப்புங்கள்.