மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயிரக்கணக்கில் செலவழித்து மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கிய பிறகும் மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்பவர்களைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் அடிக்கடி பார்க்கிறேன். இந்த வகை கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் தனித்தனி சுவிட்ச் இருக்கும், அதன் வகையை ரெட், ப்ளூ என்று நிறத்தை வைத்துச் சொல்வார்கள். இவர்கள் அந்த நிறத்தைப் பற்றி நாள்கணக்கில் விசாரித்திருப்பார்கள். தங்கள் மேசை என்ன உயரம், தினமும் எந்த மொழியில் என்ன டைப் செய்கிறோம் என்பதை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள். கைக்குச் சுகமாக இருக்குமா இருக்காதா என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

வீடியோவில் கேட்ட சத்தத்தை நம்பி வாங்குவதுதான் முதல் தவறு. மைக், மேசை, உள்ளே வைத்த ஃபோம் எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் சத்தம் அது. விரலுக்கு எப்படி இருக்கும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ப்ளூ சுவிட்சின் கிளிக் சத்தம் பலருக்குப் பிடிக்கும். ஆனால் ஒரே அறையில் பிள்ளைகள் தூங்க, நீங்கள் ராத்திரி வேலை பார்க்கிற வீட்டுக்கு அது ஆகாது.

லேசான சுவிட்ச்தான் நல்லது என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. செர்ரி நிறுவனத்தின் ரெட் சுவிட்சுக்குச் சுமார் 45 கிராம் அழுத்தம் போதும், பிளாக்குக்கு 60 கிராம் வேண்டும். விசைகள்மேல் விரலைச் சாய்த்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ரெட்டில் வேண்டாத எழுத்துகள் வந்து விழும். இன்னொன்றும் உண்டு. இந்த சுவிட்சுகளில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஆனால் 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து பதிந்துவிடும். அடிவரை குத்த வேண்டியதே இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்களின் கைகள் ஓங்கி அடித்துப் பழகியவை. எந்த சுவிட்ச் வாங்கினாலும் அந்த வேகம் விரல் நுனியில்தான் போய் முடியும். அவர்களுக்கு நான் சொல்வது பிரவுன் மாதிரி, பாதி வழியில் ஒரு சின்னத் தடை விரலுக்குத் தெரியும் சுவிட்ச். எழுத்து விழுந்துவிட்டது என்று விரலுக்கே தெரிய வந்தால் குத்துவது மெல்லக் குறையும்.

மணிக்கட்டு வலிக்குப் பெரும்பாலும் உயரம்தான் காரணம். கடையில் கிடைக்கும் மேசைகள் பொதுவாக இரண்டரை அடி உயரம். அதுவே நம்மில் பலருக்கு அதிகம். அதன்மேல் தடிமனான கீபோர்டை வைத்து, பின்னால் இருக்கும் கால்களையும் நிமிர்த்திவிட்டால் மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தபடியே மணிக்கணக்கில் இருக்கும். அந்தக் கால்களை மடக்கியே வையுங்கள். நாற்காலியை உயர்த்தி, முழங்கை ஏறக்குறைய விசைகளின் மட்டத்துக்கு வருமாறு உட்காருங்கள். கால் தரையில் எட்டவில்லையென்றால் ஒரு மணைப்பலகை போதும். மேசையை மாற்ற வழியில்லையென்றால், உயரம் குறைந்த லோ புரொஃபைல் கீபோர்டைப் பாருங்கள். கீபோர்டுக்கு முன்னால் கையைச் சாய்க்க வைக்கும் ரிஸ்ட் ரெஸ்ட் வாங்குவதானால் மரத்தில் வாங்குங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ரெக்சின் சீக்கிரம் உரிந்து கையில் ஒட்டும். அதுவும் டைப் செய்வதை நிறுத்தி யோசிக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியைச் சாய்க்கத்தான். மணிக்கட்டை அதில் அழுத்திக்கொண்டே டைப் செய்தால் வலி கூடும்.

அடுத்து, அழகாக இருக்கிறது என்று சின்ன கீபோர்டை வாங்குவது. டேலி மென்பொருளில் கணக்கு எழுதுபவருக்கு எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்சேஸ். 61 விசை கீபோர்டில் அந்த வரிசையே கிடையாது, நம்பர் பேடும் இல்லை. ஒவ்வொரு வவுச்சருக்கும் இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்க வேண்டியிருக்கும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட், கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு டைப் செய்து தருபவருக்கு நம்பர் பேடு இல்லாமல் ஓடிவிடும், 87 விசை கீபோர்டு அவருக்குச் சரியாக இருக்கும். தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் எழுதுபவர்கள் வலது ஓரத்தைக் கவனிக்க வேண்டும். ந, ய, ச, ஞ, ழ எல்லாம் அரைப்புள்ளி, மேற்கோள், சதுர அடைப்பு, சாய்கோடு விசைகளில்தான் இருக்கின்றன. 40 சதவீத கீபோர்டு என்று விற்கும் மிகச் சின்ன கீபோர்டுகளில் இவற்றில் பலவற்றுக்குத் தனி விசையே இருக்காது. பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவரும் கீபோர்டுகள் புதுச்சேரி வீடுகளில் உண்டு. அவற்றில் ஏ இருக்கும் இடத்தில் க்யூ, இசட் இருக்கும் இடத்தில் டபிள்யூ, எண்களுக்கு ஷிஃப்ட். பார்க்காமல் அடிப்பவர் அமைப்பை மாற்றிக்கொண்டு சமாளிப்பார், எழுத்தைப் பார்த்து அடிப்பவர் தினமும் திண்டாடுவார்.

கடற்கரை ஊர் என்பதையும் மறக்கக் கூடாது. உப்புக் காற்றில் இரும்புத் தகடும் திருகுகளும் துருப்பிடிக்கும், ரப்பர் பூச்சு பிசுபிசுக்கும். விசைமேல் இருக்கும் மூடி, அதாவது கீகேப், பிபிடி வகை பிளாஸ்டிக்காக இருந்தால் வியர்வையில் ஏபிஎஸ் வகை பிளாஸ்டிக் அளவுக்குச் சீக்கிரம் பளபளத்து வழுக்காது. தூசியோ ஈரமோ சுவிட்சுக்குள் போனால் ஒருமுறை அமுக்கியதற்கு இரண்டு எழுத்து விழத் தொடங்கும். ஆங்கிலத்தில் அது உடனே கண்ணில் படும். தமிழ்99இல் ஒரே மெய்யெழுத்து விசையை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி வந்துவிடும். அதனால் 'மகள்' என்று அடித்தது 'மக்கள்' ஆகிவிடும், பிழைதிருத்தியும் பிடிக்காது. ஒரு பத்திரத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் ஹாட் ஸ்வாப் வசதி உள்ளதையே வாங்கச் சொல்வேன். கெட்டுப்போன ஒரே ஒரு சுவிட்சைப் பிடுங்கி வேறு போட்டுக்கொள்ளலாம், சால்டரிங் தேவையில்லை. சுவிட்ச் வாங்கும்போது மூன்று பின்னா ஐந்து பின்னா என்று மட்டும் பாருங்கள். மூன்று பின் போர்டில் ஐந்து பின் சுவிட்சைப் பொருத்த, அதிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்ட வேண்டியிருக்கும்.

புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ கடையில் பார்த்தால், ஒரு விசையை அமுக்கிப் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒரு பத்தியாவது டைப் செய்ய விடுவார்களா என்று கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் உங்கள் வழக்கமான வேலையை உங்கள் மேசையிலேயே அதில் செய்யுங்கள். எல்லா விசையும் ஒழுங்காக விழுகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். அதுவரை அட்டைப்பெட்டியைக் கிழிக்க வேண்டாம்.