மலைப்பகுதி வீடுகளில் டிஸ்கஸ் மீனுக்கு ஏற்ற துணைமீன்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் போன்ற ஊர்களில் டிஸ்கஸ் வளர்க்க விரும்புவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, மலைக்குளிருக்குப் பழகும் மீன்களும் டிஸ்கஸும் ஒரே தொட்டியில் வாழ முடியாது என்பதே. அமேசான் படுகையின் வெதுவெதுப்பான, மென்மையான, சற்றே அமிலத்தன்மை கொண்ட நீரில் வாழும் டிஸ்கஸுக்கு ஆண்டு முழுவதும் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. ஆகவே துணையாகச் சேர்க்க நினைக்கும் மீன் எதுவானாலும், 29 டிகிரி நீரில் தன் வாழ்நாள் முழுவதையும் கழிக்கக்கூடியதா என்பதே முதல் கேள்வி. சில நாட்கள் தாங்கிக்கொள்வது வேறு, ஆண்டுக்கணக்கில் நலமாக இருப்பது வேறு.

இந்தக் கேள்வியைக் கேட்டாலே பல பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். கோல்டு ஃபிஷ், கொய், ஒயிட் கிளவுட் ஆகியவை குளிர்நீர் மீன்கள். மலையில் ஹீட்டர் இல்லாமலே செழிக்கும் அவற்றைச் சூடான தொட்டியில் அடைப்பது கொடுமை. நியான் டெட்ராவும், தரையில் மேயும் சிறு கெளுத்தியான கோரிகளில் பாண்டா கோரியும் 25 டிகிரிக்குக் கீழே இருப்பதையே விரும்புகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளுக்கே உரிய மிஸ் கேரளா மீனை நம் மண்ணின் மீன் என்ற பாசத்தில் சிலர் சேர்க்க நினைக்கலாம். அது குளிர்ந்த, விரைந்தோடும் நீருக்குப் பிறந்த மீன். அதன் வேகமே டிஸ்கஸைக் கலவரப்படுத்திவிடும். கப்பியும் மோலியும் வெப்பத்தைத் தாங்கினாலும் கடினமான நீரைக் கேட்பவை; நம் மலைநீரின் மென்மை டிஸ்கஸுக்கு வரம், அவற்றுக்கு நலிவு.

மலையில் வளர்ப்பவர்களுக்கு மட்டுமே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறைகிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் தணிவதால் அது மேலும் குறைகிறது. கடல்மட்டத்தில் 30 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும் என்றால், சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் அதே வெப்பநிலையில் 6 மில்லிகிராமை எட்டுவதே அரிது. எனவே சென்னையில் வளர்ப்பவர் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே பின்பற்றாமல், அதில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட, சுமார் 340 லிட்டர் தொட்டியில் ஆறு டிஸ்கஸ், பதினைந்து கார்டினல் டெட்ரா, ஆறு கோரி என்பதே என் மதிப்பில் மலைக்குப் போதுமான கூட்டம். பில்டரிலிருந்து வரும் நீர் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும்; அதோடு ஓர் ஏர் பம்பும் இரவு பகலாக ஓட வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, துணைமீன் உண்ணும் வேகம். டிஸ்கஸ் சாப்பிடுவதைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். உணவின் அருகே வந்து நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்து, வாயில் எடுத்து, வெளியே துப்பி, மீண்டும் எடுக்கும். தரையில் விழுந்ததைத் தேட, வாயால் நீரை ஊதி மணலைக் கிளப்பி, மேலெழும் துணுக்கை நிதானமாகப் பொறுக்கும். இத்தனை சாவகாசமாக உண்ணும் மீனுக்கு அருகில் டைகர் பார்ப் போன்ற பாய்ந்து உண்ணும் மீன்கள் இருந்தால், போட்ட உணவு ஒரு நிமிடத்தில் காலியாகும். டிஸ்கஸ் மூலையில் ஒதுங்கிக் கருத்துப்போய், நாளடைவில் நெற்றி ஒட்டி மெலியும். கிளவுன் லோச் வெப்பத்தைத் தாங்கும், சண்டையிடாது என்று பரிந்துரைக்கப்படுவதுண்டு. ஆனால் அது ஓரடி வரை வளரக்கூடிய, கூட்டமாகத் துள்ளித் திரியும் மீன் என்பதால் நடுத்தரத் தொட்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நம்பிச் சேர்க்கத் தக்கவற்றுள் கார்டினல் டெட்ராவுக்கே முதலிடம். ரியோ நீக்ரோ ஆற்றில் டிஸ்கஸுடன் ஒரே நீரில் வாழும் மீன் அது. அதன் கூட்டம் அமைதியாக நீந்துவதைக் கண்டு, கூச்சமுள்ள டிஸ்கஸ்களும் அச்சம் தெளிந்து முன்னே வரும். மிகச் சிறிய குஞ்சுகளைப் பெரிய டிஸ்கஸ் விழுங்கக்கூடும் என்பதால் வளர்ந்தவற்றையே வாங்க வேண்டும். ரம்மிநோஸ் டெட்ராவும் ஏற்றது. நீரின் தரம் கெட்டால் அதன் மூக்குச் சிவப்பு முதலில் வெளிறுவதால், ஒருவகையில் அது தொட்டியின் காவலாளியும்கூட. அடித்தளத்துக்குக் கோரிகளில் ஸ்டெர்பாய் இனமே சூட்டை நன்கு தாங்கும். அதற்கு மெல்லிய மணல் தேவை, கூரான கற்கள் மீசையைத் தேய்த்துவிடும். பாசி தின்ன ஒரு பிரிஸில்நோஸ் பிளெக்கோ போதும். ஜெர்மன் ராம் ஒரு சோடி இருக்கலாம். முட்டையிடும் காலத்தில் மட்டும் தன் மூலையைக் காக்கச் சீறும்.

கடைகளில் 'சக்கர்' என்று விற்கப்படும் சாதாரண பிளெக்கோவை மட்டும் எந்த நிலையிலும் சேர்க்காதீர்கள். வளர வளரப் பாசியை விட்டுவிட்டு, இரவில் டிஸ்கஸின் அகன்ற பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அதன் உடல்வழவழப்பை உறிஞ்சத் தொடங்கும். குஞ்சுகளுக்கே உணவாகும் அந்தப் படலம்தான் டிஸ்கஸை நோயிலிருந்து காப்பதும். காலையில் உடலில் வட்டமான சிராய்ப்பு தெரிந்தால் காரணம் அதுவே. ஏஞ்சல் மீனும் அமேசான் மீன்தான் என்றாலும், உணவுக்கு முந்துவதோடு, தனக்குத் தீங்கில்லாமல் சுமக்கும் குடல் ஒட்டுண்ணிகளை டிஸ்கஸுக்குப் பரப்பிவிடக்கூடும்.

கோயம்புத்தூரிலோ சென்னை கொளத்தூரிலோ வாங்கிய மீன்களை மேட்டுப்பாளையம் வழியாகவோ வத்தலக்குண்டு வழியாகவோ மலையேற்றும்போது, காற்றழுத்தம் குறையக் குறையப் பை உப்பிக்கொண்டே வந்து, மேலே சேர்வதற்குள் முரசுபோல் விறைத்துவிடும். கட்டும்போதே பையில் தளர்வு விடச் சொல்லுங்கள். தெர்மோகோல் பெட்டியில் வைத்தே கொண்டுவாருங்கள்; இல்லாவிட்டால் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டும் நேரத்துக்குள் பைநீர் பல டிகிரி குளிர்ந்துவிடும்.

வந்த மீன்களை நேராக டிஸ்கஸ் தொட்டியில் விடக் கூடாது. தனி ஹீட்டரும் ஸ்பாஞ்ச் பில்டரும் பொருத்திய சிறு தொட்டியில் நான்கு வாரம் வைத்து, சாப்பிடுகின்றனவா, கழிவு வெள்ளையாக நூல்போல் தொங்குகிறதா, உடலை எங்காவது உரசுகின்றனவா என்று கவனிக்க வேண்டும். அந்தத் தொட்டிக்கெனத் தனி வலையும் குழாயும் வையுங்கள். இந்த நாட்களிலேயே அதன் வெப்பத்தைப் படிப்படியாக 29 டிகிரிக்கு உயர்த்தினால், எந்த மீன் அந்தச் சூட்டில் மூச்சுவாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

அறை வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கும் டிசம்பர், ஜனவரி இரவுகளுக்காக லிட்டருக்கு ஒரு வாட் என்ற சமவெளிக் கணக்கை இரட்டிப்பாக்கி, அதை இரண்டு ஹீட்டர்களாகப் பிரித்துப் பொருத்துங்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் நின்றால், தொட்டியைக் கம்பளியால் சுற்றிவிட்டு, பேட்டரி ஏர் பம்பை ஓடவிடுங்கள்.

சேர்க்கும் வரிசையில் என் பரிந்துரை, முதலில் டெட்ராக்களும் கோரிகளும், தொட்டி நிலைப்பட்டபின் டிஸ்கஸ்கள் ஆறும் ஒரே நாளில். டிஸ்கஸ் முதல் இரண்டு மூன்று நாட்கள் உண்ணாமல் ஒதுங்கி நிற்பது இயல்பு. ஒரு வாரத்துக்குப் பிறகும் ஏதேனும் ஒன்று கருத்தே நின்றால், உணவு போடும் நேரத்தில் அதைத் துரத்துவது துணைமீனா, மற்றொரு டிஸ்கஸா என்று பாருங்கள். துணைமீனாக இருந்தால் அதைத்தான் வெளியே எடுக்க வேண்டும். அதற்காகத் தனிமைத் தொட்டியைக் கலைத்துவிடாமல் வெப்பத்தோடு ஓடவிட்டு வையுங்கள்.