சிகரெட்டை விட்ட பின் விந்தணு தேற எத்தனை நாள்?

நிறுத்திய பத்தாம் நாளே விந்துப் பரிசோதனைக்கு ஓடாதீர்கள். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். விரையை ஒட்டிய சுருள்குழாயில் முதிர இன்னும் சில நாள். அதனால் மூன்று மாதம் முழுசாக விட்ட பிறகே மறுபடி பரிசோதித்தேன். அதற்குமுன் எடுத்தால் புகைத்த காலத்து அணுக்கள்தான் ரிப்போர்ட்டில் வரும்.

புகையிலுள்ள காட்மியம் போன்ற நச்சுகள் எண்ணிக்கையையும் நீந்தும் வேகத்தையும் குறைக்கும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே டிஎன்ஏ சிதைந்திருக்கலாம். சாதாரண ரிப்போர்ட்டில் அது தெரியாது.

எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் தேவைப்படுகிறவருக்கு, புகையை நிறுத்த உதவும் நிக்கோட்டின் கம் (மெல்லும் கோந்து) 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. அதை மெல்லும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். காரம் ஏறும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, சுர்ரென்பது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள்; ஒன்று அரை மணி வரும். காபி குடித்தால் 15 நிமிடம் பொறுங்கள், அதன் அமிலம் நிக்கோட்டினை வாயில் இறங்க விடாது.

பரிசோதனைக்குச் சாம்பிள் கொடுக்கும் முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாத இடைவெளி வேண்டும். இரண்டு முறையும் இடைவெளி ஒரே அளவு இருந்தால்தான் ஒப்பிட முடியும். மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு, அவற்றில் அசைபவை 42 சதவீதம் என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் கீழ்வரம்புகள். அப்போதும் குறைந்தால் வெரிகோசில் (விரைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம்) இருக்கிறதா என்று மருத்துவரிடம் பாருங்கள்.