வெள்ளாட்டுச் சிவப்பணுக்களின் ஓட்டத்தையும் அயனிப் போக்குவரத்தையும் அளப்பது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்லூரிகளில் விலங்கியலும் உயிர்வேதியியலும் பயிலும் மாணவர்களுக்கு எளிதில் கிடைக்கும் பாலூட்டி இரத்தம் வெள்ளாட்டினுடையதே. ஆனால், ஆய்வுக்கூடக் கையேடுகளில் உள்ள அளவுகள் பெரும்பாலும் மனித இரத்தத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. மனிதச் சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7.5 மைக்ரோமீட்டர், வெள்ளாட்டின் அணுவோ 4 மைக்ரோமீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை.

ஆடு அறுக்கும் கூடத்துக்குக் கையுறையோடும், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இட்ட குழாய்களோடும் விடியற்காலையிலேயே சென்றுவிட வேண்டும். பொரியலுக்கென்று சட்டியில் பிடித்து வைத்த இரத்தம் அதற்குள் உறைந்துவிடும். அது அடுப்படிக்கு உதவுமே தவிர ஆய்வுக்கு உதவாது. உறைதலைத் தடுக்கும் மற்றொரு பொருளான பொட்டாசியம் ஈடிடிஏ இட்ட குழாயை, அதிலேயே பொட்டாசியம் இருப்பதால், அயனி அளவீட்டுக்குத் தவிர்ப்பது நல்லது. இந்தப் பகுதியின் வெயிலில் மாதிரியைக் குளிர்பெட்டியில்தான் கொண்டுவர வேண்டும். எனினும் குழாய் பனிக்கட்டியை நேரடியாகத் தொடக் கூடாது, ஏனெனில் உறைபனி அணுக்களை உடைத்துவிடும்.

முதலில் அணுக்கன அளவை, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்று காட்டும் ஹீமட்டோகிரிட்டைக் கணக்கிட வேண்டும். மையவிலக்குப் பொறியில் மனித இரத்தத்துக்கு 5 நிமிடச் சுழற்சி போதும். சிறிய அணுக்கள் இறுகிப் படிய நேரம் எடுப்பதால் ஆட்டுக்கு 10 நிமிடம் தேவை.

ஓட்டத்தை அறிய, அணு படியும் வேகத்தை நம்ப வேண்டாம். குதிரையின் சிவப்பணுக்கள் அடுக்கிய காசுகளைப் போல ஒட்டிக்கொண்டு விரைவாகப் படியும். மாடு, ஆடு ஆகியவற்றின் அணுக்கள் அவ்வாறு ஒட்டுவது மிகக் குறைவு என்பதால், ஒரு மணி நேரம் கழித்தும் குழாயில் மாற்றம் தெரிவது அரிது. ஆகவே, ஒப்பிடும் எல்லா இரத்தங்களையும் அந்தந்த விலங்கின் பிளாஸ்மாவிலேயே 40 சதவீத அணுக்கன அளவுக்குக் கொண்டுவந்து, ஒரே வெப்பநிலையில், பல சறுக்கு வேகங்களில் (திரவ அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் வேகங்களில்) பாகுநிலையை, அதாவது ஓட்டத்துக்கு இரத்தம் காட்டும் தடையை, அளக்க வேண்டும். வேறுபாடு மிகுதியாகத் தெரிவது மெதுவான வேகங்களில்தான்: அங்கே மனித இரத்தம் சட்டெனக் கெட்டியாகும், ஆட்டு இரத்தம் பெரிதாக மாறாது. கண்ணாடி நுண்குழாய் மானி மட்டுமே உள்ள கூடங்களில் இந்த வேறுபாடு கண்ணில் படாமலே போகக்கூடும்.

நீர்த்த உப்புநீரில் அணுக்கள் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் உப்புக் கரைசல் சோதனையில் மனித அணுக்கள் 0.5 சதவீதத்தை ஒட்டிச் சிதையத் தொடங்கும். ஆட்டின் அணுக்கள் 0.6 சதவீதத்திலேயே சிதையும். எனவே 0.9 முதல் 0.3 வரை நெருக்கமான வரிசையாகக் கரைசல்களைத் தயாரிப்பது பயன்தரும்.

இனி அயனிகள். அணுக்களைச் சாதாரண உப்புநீரில் கழுவினால் சோடியம் கணக்கு கெடும். லிட்டருக்குச் சுமார் 110 மில்லிமோல் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் மும்முறை குளிர்ச்சியாகக் கழுவி, வாலை வடிநீரில் உடைத்து, சுடரின் ஒளியைக் கொண்டு அயனிகளை அளக்கும் ஃபிளேம் போட்டோமீட்டரில் அளந்து, அணுக்கன அளவால் வகுக்க வேண்டும். மனித அணுவில் பொட்டாசியம் மிகுதி. பெரும்பாலான நாய்களின் முதிர்ந்த அணுவிலோ, சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவரும் சோடியம்–பொட்டாசியம் பம்ப் மறைந்துவிடுவதால் சோடியம்தான் மிகுதி; அந்த அணு சோடியத்தை வெளியே விட்டு, அதற்கு ஈடாகக் கால்சியத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, பிறகு கால்சியத்தைப் பம்ப் செய்து வெளியேற்றித் தன் பருமனைக் காத்துக்கொள்கிறது. கால்நடை மருத்துவமனையில் மீந்த நாய் இரத்தம் கிடைத்தால், அது பெரும்பாலும் ஈடிடிஏ குழாயில் வரும் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்து மறுக்க வேண்டும்.

செம்மறியிலும் வெள்ளாட்டிலும் பொட்டாசியம் மிகுந்த அணு, குறைந்த அணு என இரு மரபு வகைகள் உண்டு. ஒரே மந்தையில் இரண்டும் இருக்கலாம். ஆகையால் பல ஆடுகளின் இரத்தத்தை ஒன்றாகக் கலந்து சராசரி எடுக்காமல், ஒவ்வோர் ஆட்டுக்கும் தனிக் குழாயும் தனிக் குறிப்பும் வைத்துக்கொள்ள வேண்டும்.