இறங்கப்போன விமானம் மறுபடி மேலே ஏறினால்: நாம் செய்யும் தவறுகள்

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. அதனால் ஆக்ரா, கான்பூர் என்று அடிக்கடி போய்வருவேன். போன டிசம்பரில் டெல்லியிலிருந்து சென்னை வந்த ராத்திரி விமானத்தில், சக்கரம் இறக்கிய சத்தம் கேட்டு, கீழே ரோட்டில் போகிற கார்களை எண்ணுகிற அளவுக்கு வந்தாயிற்று. திடீரென்று இன்ஜின் உறுமியது, முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, விமானம் மறுபடி மழை மேகத்துக்குள் போய்விட்டது. பக்கத்து சீட்டில் குடியாத்தத்துப் பெரியவர் ஒருவர். காட்பாடிக்குக் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று டெல்லியிலேயே சொல்லிக்கொண்டிருந்தவர். "இன்னா தம்பி, இறக்கத் தெரியாதவன் கையில குடுத்துட்டானுங்களா?" என்றார்.

முதல் தவறே இதுதான். இறங்காமல் திரும்ப ஏறுவதை விமானியின் கைக்கோளாறு என்று நினைப்பது. விமானிகள் இதை கோ அரவுண்ட் என்கிறார்கள். தரையை நெருங்கும்போது வேகம், உயரம், நேர்கோடு, சக்கரம் எல்லாம் சொன்ன அளவில் நிற்க வேண்டும். மேகமூட்டத்தில் 1,000 அடி உயரத்துக்குள், தெளிவான வானிலையில் 500 அடிக்குள் நிற்கவில்லை என்றால், சரிசெய்து பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டு போகாமல் மேலே ஏறிவிட வேண்டும். பெரும்பாலான விமான நிறுவனங்களின் விதி இது. காற்று உதறினாலும், கீழே ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், முன்னால் இறங்கிய விமானம் இன்னும் விலகாவிட்டாலும் இதேதான்.

ஏறாமல் இறங்கியே தீருவேன் என்று போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இரண்டு கதை உண்டு. 2010 மே 22, மங்களூர். துணை விமானி சுற்றிப்போகச் சொல்லியும் கேப்டன் தொடர்ந்து இறக்கினார். மலைமேட்டு ஓடுபாதையைத் தாண்டி விமானம் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் போனார்கள், 8 பேர் பிழைத்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அந்த விமானம் முதல் தடவை இறங்காமல் சரியாகவே சுற்றிப்போனது. இரண்டாவது தடவை மழையில், பின்காற்றில், ஓடுபாதையின் ஆரம்பத்தில் தொட வேண்டிய சக்கரம் ரொம்ப தூரம் தள்ளிப் போய்த் தொட்டது. அங்கேயும் துணை விமானி கோ அரவுண்ட் என்று சொல்லியிருக்கிறார். 21 உயிர். இதைப் படித்த பிறகு 'எப்படியோ இறக்கிட்டாரு, கெட்டிக்காரர்' என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பூப்போல இறக்கினால்தான் நல்ல விமானி என்பதும் இதோடு ஒட்டிப்பிறந்த தவறு. ஈரமான ஓடுபாதையில் கொஞ்சம் அழுத்தித்தான் இறக்குவார்கள். அப்போதுதான் சக்கரம் தண்ணீர்ப்படலத்தைக் கிழித்துத் தரையைப் பிடிக்கும். மழைநாளில் 'தொம்' என்று விழுந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

மேலே ஏறிய பிறகு அஞ்சு நிமிஷம் மைக்கில் ஒரு சத்தமும் வரவில்லை. பின்சீட்டில் ஒருவர் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கத்தினார், இன்னொருவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார். இரண்டுமே வேண்டாத வேலை. அந்த நேரத்தில் இரண்டு விமானிகளுக்கும் கை நிறைய வேலை: சக்கரத்தை உள்ளே இழுக்க வேண்டும், இறக்கையின் மடிப்புகளைப் படிப்படியாக மடக்க வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் உயரத்துக்கும் திசைக்கும் போக வேண்டும். நமக்குச் சேதி சொல்வது கடைசி வேலை. எரிபொருள் தீர்ந்துவிடுமோ என்று கிலி வேண்டாம். வேறு ஊருக்குப் போய், அங்கேயும் 30 நிமிஷம் வட்டமடிக்கும் அளவுக்குக் கூடுதலாக நிரப்பித்தான் கிளப்புவார்கள்.

சென்னையில் இது நடப்பதில் ஆச்சரியமும் இல்லை. அங்கே இருக்கும் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்பவை. பெங்களூரு மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஓடுபவை அல்ல. முன்னால் போன விமானம் விலகச் சற்றுத் தாமதித்தால் போதும், பின்னால் வருவது மேலே ஏற வேண்டியதுதான். 2025 ஆகஸ்டில் எம்.பி.க்கள் பயணம் செய்த திருவனந்தபுரம்–டெல்லி விமானம் சென்னைக்குத் திருப்பப்பட்டு, முதல் முயற்சியில் இறங்காமல் மேலே ஏறியது. ஓடுபாதையில் இன்னொரு விமானம் நின்றதாக எம்.பி. ஒருவர் சொன்னார், நிறுவனம் மறுத்தது. அது இருக்கட்டும். நின்றிருந்தாலும் செய்ய வேண்டியது அதேதானே? 2024 ஜூனில் மும்பையில், ஒரு விமானம் கிளம்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இன்னொன்று அதே ஓடுபாதையில் இறங்கியது. அந்த வீடியோவைப் பார்த்தால் எது பயங்கரம் என்று புரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. காட்பாடியில் ரயில் ரெண்டு நிமிஷம்தான் நிற்கும் என்று, திருவலம் தாண்டினதுமே பையோடு கதவுப் பக்கம் நின்று பழகியவர்கள் நாம். அதே கால் விமானத்திலும் எழுந்து நிற்கிறது. சக்கரம் தரையைத் தொட்டுவிட்டால் ஆபத்து முடிந்தது என்று நினைப்பு. விமான வரலாற்றிலேயே அதிகம் பேர் இறந்த விபத்து வானத்தில் நடக்கவில்லை. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில், பனிமூட்டத்தில், ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ ஜெட்கள் மோதி 583 பேர் இறந்தார்கள்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில், இறங்கிய விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. சின்ன விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியே வந்தார்கள். பையை எடுக்க மேலே கைநீட்டாமல் வந்ததும் அதற்கு ஒரு காரணம். அவசரமாக வெளியேற விரிக்கும் சறுக்கில் இறங்கும்போது ஒரு பெட்டி போதும், பின்னால் வருகிறவர்களை அடைக்கவும் சறுக்கைக் கிழிக்கவும்.

சரி, நம் விமானம் இரண்டாவது முறை ஒழுங்காக இறங்கியது. ரயில் போய்விட்டது. பெரியவரும் நானும் ஒரு வாடகைக் காரைப் பிடித்தோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி டீ குடிக்க நிறுத்தினபோது, "நம்ம வேலூர் அப்துல்லாபுரம் ஏர்போர்ட்டுக்கே ஏரோப்ளேன் வந்துட்டா இந்தத் தொல்லை இருக்காதுல்ல?" என்றார்.

இருக்கும் என்றேன். விமான நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் பறவைகளை இழுக்கும்படி குப்பையோ இறைச்சிக் கழிவோ கொட்டக்கூடாது என்பது சட்டம். நாமோ பாலாற்றங்கரையில் மூட்டை மூட்டையாகக் கோழிக்கழிவை வீசிவிட்டுப் போகிறோம். அதற்கு மேலே பருந்து வட்டமிட்டால் அங்கேயும் விமானி சுற்றிக்கொண்டுதான் போவார்.

"அப்போ கவுன்சிலருகிட்டதான் சொல்லணும்" என்று டம்ளரை வைத்தார் பெரியவர்.